கொழுந்து மாடியில் காயவைத்த புத்தகங்கள்

"வீட்டுல அச்சடிச்ச தமிழ் எழுத்து எது இருந்தாலும் நாளைக்குக் கொண்டாங்க. அதையே வாசிப்போம்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அதுதான் ஆரம்பம்.

பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான லயத்தில்தான் எங்கள் வீடு. பி.காம். முடித்துவிட்டு பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் லயத்துப் பிள்ளைகள் பதினோரு பேரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்வேன். இதைச் சேவை என்று யாராவது சொன்னால் எரிச்சலாக வரும். அந்தப் பிள்ளைகள் கத்துகிற கத்தலுக்கு, படிக்க உட்காரவைத்தால்தான் எனக்குக் காது மிஞ்சும்.

மறுநாள் கொண்டுவந்தார்கள். மூன்று கல்யாணப் பத்திரிகை. கேஸ் புத்தகம். இருமல் மருந்து அட்டை. போன தேர்தலின் நோட்டீஸ். ஒருத்தன் காலண்டர் அட்டையையே ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். பின்னாலேயே அவன் அம்மா விரட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கல்யாணப் பத்திரிகையை எடுத்து, எழுத்துக் கூட்டி, தாய்மாமன் பெயர் வரைக்கும் ஒன்றுவிடாமல் வாசித்தாள். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற இடத்தில் நின்றாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை.

"அக்கா, அப்புறம் கல்யாணம் நடந்துச்சா?"

"நடந்துச்சு. அவங்களுக்கு ரெண்டு புள்ள இருக்கு."

"அது இதுல போடலையே."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகம் உண்டு. கதைப் புத்தகமும் கொஞ்சம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டு போனது. எங்கள் பக்கம் மழை அப்படி. ஆனியில் பிடித்தால் மூன்று மாதம் வெயிலைப் பார்க்க முடியாது. தோல் செருப்பே முளைவிடுகிற ஊரில் காகிதம் எம்மாத்திரம்?

அடுத்த நாள் ஜெராக்ஸ் கடைக்கு என் தோழி வந்தாள். கூடலூர் பஜாரில் அவள் வாப்பாவுக்குப் பாத்திரக் கடை. கல்லூரியில் எனக்கு அடுத்த பெஞ்ச். கல்யாணப் பத்திரிகைக் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்து, "கதைப் புத்தகம் இருந்தா குடுங்க, நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்று எழுதி, என்னைக் கேட்காமலே என் நம்பரையும் போட்டு, தெரிந்த குரூப்புக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

"எடுத்துக்கறோம்னா, எதுல எடுக்குறது? தலையிலயா?" என்றேன்.

"ஸ்ரீமதுரைக்காரன் எதுக்கு இருக்கான்?"

ஸ்ரீமதுரை, கூடலூர்ப் பக்கத்தில் ஓர் ஊர். அந்த ஊர்க்காரன் எங்கள் கூடப் படித்தவன். சொந்த ஜீப் ஓட்டுகிறான். வாழைத்தார், இஞ்சி மூட்டை, கல்யாணக் கூட்டம், எது கிடைத்தாலும் ஏற்றுவான். பாதி மலையாளம் கலந்துதான் பேசுவான். விஷயத்தைச் சொன்னதும், "ஐயோ மோளே, புக்கு இஞ்சி மாதிரி இல்லியே, வெயிட்டு கூடுமே" என்று அலுத்துக்கொண்டான். அலுத்துக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம். இப்படி மூன்று பேர் ஆனோம். பெயர் வைப்பதில் ஒரு வாரம் சண்டை போட்டோம். அதற்குள் லயத்தில் எங்களைப் 'புக்குக் கோஷ்டி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதுவே நின்றுவிட்டது.

முதல் இரண்டு மாதம் வந்து சேர்ந்ததை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. வருமான வரி விளக்கம். பழைய டைரி, பாதி எழுதியது. எந்தக் காலத்திலோ முடிந்துபோன பரீட்சைக்குக் கைடு. ஊட்டியில் ஒரு பெரிய வீட்டில் ஒரு அம்மா, அட்டைபோன சமையல் பத்திரிகைகளை ஒரு சாக்கு நிறைய எடுத்துவைத்து, "ஏழைப் புள்ளைங்களுக்கு இது போதுமுங்க. சந்தோசமா வாங்கிக்குவாங்க" என்றார்.

"உங்க பேரன் இதைப் படிப்பானுங்களா?" என்று கேட்டேன்.

தோழி என் காலை மிதித்தாள். அந்த அம்மா சாக்கையும் கொடுக்கவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. திரும்பும்போது ஜீப்பில் தோழி சொன்னாள்: "இனிமே வாசல்ல நான் பேசுறேன். நீ மூட்டையத் தூக்கு. உன் வாய்க்கு மூட்டைதான் சரி."

அதற்குப் பிறகு அப்படித்தான் செய்தோம். நல்ல முடிவு.

குன்னூரில் ஒருவர் போன் செய்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள்கள் இருவரும் வெளிநாட்டில். அவர் வீட்டில் ஒரு பெரிய தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். திறந்ததும் பாச்சை உருண்டை நெடி முகத்தில் அறைந்தது. ஆனால் உள்ளே இருந்தவை புத்தகங்கள். உண்மையான புத்தகங்கள், முந்நூறு இருக்கும். படம் போட்ட தமிழ்க் கதைகள், விடுகதை, மிருகங்கள் பற்றியது, நட்சத்திரங்கள் பற்றியது. ஒன்றின் முனைகூட மடங்கவில்லை. சிலவற்றின் முதல் பக்கத்தில் மட்டும் மெழுகுப் பென்சிலில் கிறுக்கல்.

"பூச்சி வரக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்குள்ளயும் உருண்டையை உடைச்சுப் போட்டு வெச்சிருக்கேனுங்க அம்மிணி. வருசா வருசம் மாத்திடுவேன்" என்றார். ஒரு புத்தகத்தை எடுப்பார், கொடுக்கிற மாதிரி நீட்டுவார், மறுபடி விரித்துப் பார்ப்பார். பெட்டி காலியாக இரண்டு மணி நேரம் ஆனது. வழக்கமாக எனக்கு இந்த மாதிரி இழுவை பொறுக்காது. அன்றைக்குப் பொறுத்தது.

"போட்டோ எல்லாம் எடுக்க வேண்டாமுங்க. புள்ளைங்க படிச்சுட்டு என்ன சொன்னாங்கன்னு மட்டும் வந்து சொல்லுங்க. அது போதும்" என்றார்.

எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுப்பதாகச் சொல்லி வைத்திருந்தோம். நாங்கள் குன்னூரிலிருந்து திரும்பியது அதற்கு முந்தைய சனிக்கிழமை. நடுவட்டம் தாண்டியதும் மழை பிடித்தது. கீழே ஓர் இடத்தில் மரம் விழுந்து, வண்டிகள் வரிசையாக நின்றன. ஜீப்பின் தார்ப்பாயில் எலி கடித்த ஓட்டை ஒன்று இருந்தது. ஸ்ரீமதுரைக்காரனுக்கு அது தெரியும். இஞ்சிக்கு ஓட்டையால் நஷ்டமில்லை. அதனால் அவன் அதைப்பற்றி நினைத்ததே இல்லை. மூன்று மணி நேரம் நின்றோம். வீட்டுக்கு வந்து, புத்தகங்களை மாற்றி அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால் மேலே இருந்தவை சொதசொதவென்று இருந்தன. கீழே இருந்தவை ஓரமெல்லாம் ஈரம்.

நான் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவன் தன் சட்டையைக் கழற்றி ஒரு புத்தகத்தைத் துடைத்தான். அந்தச் சட்டையும் நனைந்திருந்தது. அதைப் பார்த்துத் தோழி சிரித்துவிட்டாள். பிறகு நானும்.

இரண்டு நாளில் காயவைக்காவிட்டால் பூசணம். அடுப்படியில் எத்தனை வைக்க முடியும்? அப்போதுதான் அப்பாவைக் கேட்டேன்.

அப்பாவுக்கு எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கொழுந்து வாட்டுகிற மாடிக்கு அவர்தான் பொறுப்பு. பறித்து வந்த பச்சைக் கொழுந்தை நீளநீளமான தொட்டிகளில், கம்பிவலை மேல் பரப்புவார்கள். அடியிலிருந்து மின்விசிறி காற்றடிக்கும். மழை நாளில் சூடான காற்று. அதில் கொழுந்து பதமாக வாடியபிறகுதான் அரைப்புக்குப் போகும். வாட்டு கெட்டால் தேயிலையே கெட்டது. இருபத்தாறு வருடமாக அப்பா அந்த மாடியில் இருந்தார்.

என் தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள் நாங்கள். அங்கேயும் லயம், இங்கேயும் லயம். குடும்பத்தில் ஒருவருக்காவது எஸ்டேட்டில் வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்த வீடு. அம்மா முழங்கால் போய்க் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டார். ஆக, அப்பாவின் வேலைதான் எங்கள் கூரை. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கேட்டேன்.

"அப்பா, ஞாயித்துக்கெழம தொட்டி காலியாத்தானே கெடக்கு?"

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா புள்ள பேசுற? ஃபேக்டரிக்குள்ள ஒரு முழம் பூ வெச்சிட்டு வந்தாலே வாசல்ல கழட்டிட்டு வரச் சொல்றோம்."

உண்மைதான். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் வீட்டில் வாசனை சோப்பு கிடையாது. சளி பிடித்தால் தைலம் தேய்க்க மாட்டோம். அப்பா சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அம்மா மல்லிகை வைப்பது அப்பாவுக்கு லீவு இருக்கிற நாளில் மட்டும். அப்பாவின் மூக்கு லயத்தில் பேர் போனது. வளைவில் திரும்பும்போதே எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் ரசம் என்று சொல்லிவிடுவார். சின்ன வயதில் நான் திருட்டு மாங்காய் தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"புதங்கெழம புள்ளைங்களுக்குக் குடுக்கணும்ப்பா. பூசணம் புடிச்சத எப்பிடிக் குடுக்குறது?"

அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினார். ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். யானைப் படம். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்பா நான்காம் வகுப்பு வரைக்கும்தான்.

"பாச்சை உருண்டை வாசன இருக்கேப்பா, பரவால்லயா?" என்று நானே கேட்டேன். ஆறேழு மணி நேரம் அதோடு ஜீப்பில் உட்கார்ந்து வந்ததில் எனக்கு மூக்கு மரத்துப்போயிருந்தது. நெடி இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இழுத்து மோந்தார்.

"ஒண்ணுமில்ல. வெறும் காயிதம்" என்றார்.

அப்பாவே சொன்னபிறகு என்ன? நான் நம்பினேன். அந்த மூக்கை யார்தான் நம்ப மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டீமேக்கர் ஊரில் இல்லை. டீமேக்கர் என்றால் ஃபேக்டரி முழுவதற்கும் பொறுப்பானவர். தேயிலையை ருசி பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்பவர். காலையில் அப்பா எங்கள் மூன்று பேரையும் பின்படி வழியாக மாடிக்கு ஏற்றினார். செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, கம்பிவலையில் புத்தகங்களைக் குடை மாதிரி கவிழ்த்து வைத்தோம். அப்பா காற்றைத் திறந்தார். முந்நூறு புத்தகமும் ஒரே நேரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டன. ஸ்ரீமதுரைக்காரன், "கோழிப்பண்ணை மாதிரி இருக்கே" என்றான். அப்பா சிரித்தார். மத்தியானம் வரை அவரே நடந்து நடந்து திருப்பிப் போட்டார். கொழுந்தைத் திருப்புகிற அதே கைப்பழக்கம். கசக்காமல், அடியிலிருந்து எடுத்து, உதறாமல்.

ஒரு தடவை யானைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இது எந்தப் பக்கம் ஆரம்பிக்குது?" என்று கேட்டார். தோழி பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினாள். குட்டியானை ஒன்று ஆற்றைக் கடக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கதை. "அப்புறம்?" என்றார் அப்பா. பக்கத்தைத் திருப்பினாள். "அப்புறம்?" என்றார் மறுபடி. கல்யாணப் பத்திரிகைக்காரி மாதிரியே இருந்தது.

சாயங்காலம் எல்லாம் காய்ந்துவிட்டன. தாள்கள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. ஆனால் ஒன்றில்கூடப் பூசணம் இல்லை. வலையைப் பெருக்கித் துடைத்துவிட்டு வந்தோம். வலைக்கு அடியில், காற்று ஓடுகிற குழியில் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா ஜெராக்ஸ் கடைக்குப் போன் செய்தார். "அப்பாவ ஆபீசுல நிக்க வெச்சிருக்காங்களாம். தேயில நாறுதாம்" என்றார். மெஷினில் யாருடைய ஆதார் அட்டையோ இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

வாசலில் கொழுந்து பரப்புகிற அக்கா ஒருத்தர் என்னை மறித்தார். "திங்கக்கெழமயே சொன்னேன் புள்ள. என்னாண்ணே, பீரோ தொறந்த மாதிரி வாசன வருதேன்னு. மழைக்கு அப்பிடித்தான்னு சொல்லிட்டாரு உங்கப்பா."

ஆபீசில் மேசை மேல் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ருசி பார்க்க ஊற்றிய தேயிலைச் சாயம். பக்கத்தில் ஒரு காகிதத்தில் வெள்ளை வெள்ளையாக நொறுங்கல், ஒரு பிடி இருக்கும். புத்தகங்களுக்குள் இருந்து உதிர்ந்து, வலை வழியாகக் குழிக்குள் விழுந்தவை. திங்கட்கிழமை முழுவதும் சூடான காற்று அவற்றின் மேலாக ஓடித்தான் கொழுந்துக்குப் போயிருக்கிறது. அப்பா கைகட்டி நின்றார். தலை குனியவில்லை.

"நான்தான் போட்டேன் ஐயா. புள்ளைக புத்தகம் நனஞ்சிருச்சு. ஒங்களக் கேக்காம செஞ்சது தப்பு."

"புத்தகம் போட்டது கெடக்கட்டும்யா" என்றார் டீமேக்கர். "இருவத்தாறு வருசம் வாட்டுறவன். தோட்டத்துல எவனாச்சும் பீடி பத்த வெச்சாலே மாடியில இருந்து கத்துவ. இத மோக்கலியா நீ? உன் மூக்கு எங்கய்யா போச்சு?"

நான் உள்ளே புகுந்தேன். "அவர ஏன் சார் கேக்குறீங்க? நான்தான் கேட்டேன். என்னையத் திட்டுங்க. வேணும்னா போலீசுக்குச் சொல்லுங்க."

"ஏம்மா, போலீசுக்கு என்னான்னு சொல்ல? புத்தகம் படிச்சாங்கன்னா?"

"நீ சும்மா இரு புள்ள" என்றார் அப்பா. பிறகு டீமேக்கரைப் பார்த்து, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்: "கொரோனா வந்துச்சில்ல ஐயா. அப்ப போனது. திரும்பி வரல. கருவாடும் தெரியாது, பூவும் தெரியாது. சொன்னா மாடிய விட்டு எறக்கிருவீங்க. அதான் சொல்லல."

எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வளைவில் திரும்பும்போது கருவாடு என்று சொல்வதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டார். சோற்றில் ஊறுகாயாக அள்ளிப் போட்டுக்கொள்வார். ஒரு நாள் திரிந்த பாலில் போட்ட டீயை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். அம்மா திட்டியபோது, "வீணாக்கக் கூடாதுல்ல" என்றார். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்த என்னை இப்போது அறையவேண்டும் போல இருந்தது. எல்லாவற்றுக்கும் கோபப்படுகிற எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பார்க்கத் தெரியவில்லை.

டீமேக்கர் கோப்பைகளை ஓரமாகத் தள்ளினார். "அப்ப இத்தன வருசமா எத வெச்சுய்யா பதம் பாத்த?" என்று கேட்டார்.

அப்பா கையை நீட்டினார். உள்ளங்கையை மூடித் திறந்து காட்டினார். "ஒரு புடி எடுத்து அமுக்குனா தெரியும் ஐயா. உருண்டையா நின்னு, மெல்லப் பிரியணும்."

"ஒரு நாளும் வாட்டு கெட்டதில்லையே" என்றார் டீமேக்கர். அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

முடிவு துரையிடம் இருந்தது. எஸ்டேட் மேனேஜரை எங்கள் லயத்தில் இன்னும் துரை என்றுதான் சொல்வார்கள். கெட்டுப்போன தேயிலை முழுவதையும் குழி தோண்டி எருவுக்குக் கொட்டினார்கள். மூன்று நாள் பதில் வரவில்லை. வேலையை விட்டு நிறுத்தினால் வீட்டைக் காலி செய்யவேண்டும். அம்மா அட்டாலிப் பரணில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இறக்கித் துலக்கி ஒரு மூலையில் அடுக்கினார். சும்மா துலக்கினேன் என்றார். யார் நம்புவது?

தோழி வீட்டுக்கு வந்தாள். அவள் வாப்பா, "கடைக்கு மேல ரூம்பு சும்மாதான் கெடக்கு, வந்து இருக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அரை மணி நேரம் எங்கள் அம்மாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். பிறகுதான் சொன்னாள். வெங்காயத்தின் பேரில் இருவரும் அழுதார்கள்.

ஸ்ரீமதுரைக்காரன் தார்ப்பாய் ஓட்டையைத் தைத்துவிட்டுக் காட்ட வந்தான். அப்பா தையலை இழுத்துப் பார்த்து, "போன வாரம் தெச்சிருக்கலாம்" என்றார். அப்பா அவனுக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

நான் முடிவு செய்துவிட்டேன். புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டினேன். குன்னூர்க்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கோஷ்டியைக் கலைத்துவிட வேண்டும். புதன்கிழமை வந்து போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. அப்பாவுக்கு மெமோ. மாடியிலிருந்து இறக்கி, கொழுந்து எடை போடுகிற கொட்டகைக்கு மாற்றம். ஓய்வு பெறுகிறவரை அங்கே. வீட்டைப்பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இல்லாததுதான் நல்ல செய்தி. டீமேக்கர் துரையிடம் எதற்காக எவ்வளவு பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. அம்மா பாத்திரங்களை மறுபடி அட்டாலியில் ஏற்றினார்.

அப்பா காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கயிறு கட்டியிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இது என்னா?"

"திருப்பிக் குடுக்கப் போறேன். நமக்கு எதுக்குப்பா இது?"

எனக்கு இந்தக் கோபக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா கத்தினார். லயமே கேட்டிருக்கும். "இருவத்தாறு வருசம் நின்ன மாடிய விட்டுட்டு எறங்கி நிக்குறேன். முந்நூறு புத்தகத்தயும் ஒண்ணொண்ணா திருப்பிப் போட்டது நானு. இப்ப வேணாங்குற? என்னா நெனச்சிட்ட நீ? அந்த யானக்குட்டி ஆத்தத் தாண்டுச்சா இல்லையான்னு எனக்கே தெரியும். அந்தப் புள்ளைகளுக்குத் தெரிய வேணாமா?"

"உங்க வேல என்னாலதானப்பா..."

"என் மூக்கு உன்னாலயா போச்சு? போ. கயித்த அவுரு."

அவிழ்த்தேன். அழுதுகொண்டே அவிழ்த்ததில் முடிச்சு இறுகிவிட்டது. அம்மா வந்து அரிவாளால் அறுத்துவிட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடுத்தோம். மேடை இல்லை, பேச்சு இல்லை. வகுப்பறைத் தரையில் பாய் விரித்து முந்நூறையும் பரப்பி, "ஆளுக்கு ஒண்ணு எடுங்க, படிச்சுட்டு மாத்திக்கலாம்" என்றோம். அவ்வளவுதான். ஒரு நிமிடம் யாரும் தொடவில்லை. பிறகு ஒரே பாய்ச்சல். கல்யாணப் பத்திரிகைக்காரி மூன்று புத்தகத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு நான்காவதைப் படித்தாள். எழுந்திரு என்றால் எழவில்லை.

அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வாசல் பக்கமாக நின்றார். பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தை விரித்ததும் முதலில் முகத்தைத்தான் உள்ளே விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் புதிதாக எது கிடைத்தாலும் அப்படித்தானே. தும்மினார்கள். சிரித்தார்கள்.

அப்பா உள்ளே வந்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் குந்தினார். அவள் உட்கார்ந்திருந்த மூன்று புத்தகங்களைத் தொடவில்லை. கையில் இருந்ததைக் காட்டி, மெதுவாகக் கேட்டார்.

"என்னா வாசன வருது அதுல?"

இத்தனை காலம் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி. பதிலை மட்டுமே சொல்லிப் பழகியவர்.

அவள் இன்னொரு தடவை மூக்கை உள்ளே விட்டு, நன்றாக இழுத்து, யோசித்தாள். "எங்க அம்மா கல்யாணச் சேல பெட்டி இருக்குல்ல, அந்த வாசன. அப்புறம் பச்சக் கொழுந்து வாசன. மாமா, நீங்க மோந்து பாக்கலியா?"

"எனக்கு மூக்கு வேல செய்யாது."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "செரி, நான் சொல்றேன்" என்று அடுத்த புத்தகத்தை உருவி எடுத்தாள். இன்னும் நாலைந்து பேர் ஆளுக்கொரு புத்தகத்தோடு அப்பாவைச் சுற்றி வந்துவிட்டார்கள். மாமா இது மண்ணெண்ணெய், மாமா இது இவன் கை வாசன, ஊறுகா தின்னுட்டு வந்திருக்கான், மாமா இது ஒண்ணுமே இல்ல. ஒவ்வொன்றுக்கும் அப்பா, "அப்பிடியா? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் குன்னூருக்குப் போனோம். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் சொல்வதாகப் பேச்சு. வாசலில் தோழிதான் பேசவேண்டும் என்பது எங்கள் விதி. அன்றைக்கு விதியை மீறி அப்பாவைப் பேசவிட்டோம். பின்னால் ஜீப்பில், தைத்த தார்ப்பாய்க்குக் கீழே, அம்மா ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிறு என்பதால் அல்ல. எடைக் கொட்டகைக்குப் பூ தடை இல்லை. இப்போதெல்லாம் தினமும் வைக்கிறார்.